முன்சூல்வலிப்பும் ஆக்சிசனேற்ற அழுத்தமும்

முன்சூல்வலிப்பு என்பது கருவுற்ற பெண்களுக்கு 20ஆவது வாரத்திற்குப் பிறகு இரத்த அழுத்தம் உயர்ந்து, அதனுடன் சிறுநீரில் புரதம் வெளியேறுதல் அல்லது சிறுநீரகம், கல்லீரல், மூளை போன்ற உறுப்புகளின் பாதிப்பு சேர்ந்து வரும் ஒரு நோய்நிலை ஆகும். உலக அளவில் நூற்றுக்கு 2 முதல் 8 கருத்தரிப்புகளில் இது காணப்படுகிறது. பேறுகால உயர் இரத்த அழுத்த நோய்கள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால், தாய்மார் இறப்புக்கான காரணங்களில் அதிக இரத்தப்போக்கிற்கு அடுத்த நிலையில் இவை வைக்கப்படுகின்றன. 2003 முதல் 2009 வரையிலான இறப்புகளை ஆராய்ந்த உலக சுகாதார அமைப்பின் கணக்கீட்டில், தாய்மார் இறப்புகளில் ஏறத்தாழ 14 விழுக்காடு இந்நோய்களால் நேர்ந்தவை.

இந்நோயின் தோற்றத்தில் ஆக்சிசனேற்ற அழுத்தம் என்னும் வேதியியல் நிகழ்வுக்குப் பங்கு உண்டு என்பது 1980களின் இறுதியிலிருந்து ஆராயப்பட்டு வருகிறது. அந்த ஆய்வுகள் நோயைப் புரிந்துகொள்ள உதவின. ஆனால் அவற்றை நம்பி உயிர்ச்சத்து மாத்திரைகளால் நோயைத் தடுக்க மேற்கொள்ளப்பட்ட முயற்சி வெற்றி பெறவில்லை. இவ்விரண்டையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பெயர்க் காரணம்

சூல் என்றால் கருப்பம். கருப்ப காலத்தில் வரும் வலிப்பு சூல்வலிப்பு எனப்படுகிறது. அதற்கு முந்தைய நிலை முன்சூல்வலிப்பு. ஆங்கிலத்தில் இந்நோய்க்கு வழங்கும் 'எக்லாம்ப்சியா' என்னும் சொல் 'திடீரென ஒளிர்தல்' என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நலமாக இருப்பதுபோல் தோன்றிய பெண்ணுக்கு மின்னல் வெட்டியது போல வலிப்பு வருவதை அப்பெயர் குறிக்கிறது.

1843ஆம் ஆண்டு இலண்டன் கைசு மருத்துவமனையைச் சேர்ந்த சான் லீவர், சூல்வலிப்பு வந்த பெண்களின் சிறுநீரில் அல்புமின் என்னும் புரதம் இருப்பதைக் கண்டறிந்தார். 1896இல் இத்தாலியரான ரிவா-ரோச்சி இரத்த அழுத்தமானியை வடிவமைத்த பிறகு, இப்பெண்களின் இரத்த அழுத்தம் உயர்ந்திருப்பதும் தெரிய வந்தது. இரத்தத்தில் ஏதோ ஒரு நச்சு கலப்பதால் நோய் வருவதாகக் கருதி, இருபதாம் நூற்றாண்டில் நெடுங்காலம் இதை 'டாக்சீமியா', அதாவது இரத்த நச்சேற்றம், என்றே அழைத்தனர். அப்படி ஒரு தனி நச்சு கண்டுபிடிக்கப்படாததால் அப்பெயர் கைவிடப்பட்டது.

பேறுகால உயர் இரத்த அழுத்தத்தின் வகைகள்

இரத்த அழுத்தம் 140/90 மி.மீ. பாதரசம் அல்லது அதற்கு மேல், குறைந்தது நான்கு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பதிவானால் அது உயர் இரத்த அழுத்தம் எனக் கொள்ளப்படுகிறது. மேல் எண், கீழ் எண் ஆகிய இரண்டில் ஒன்று மட்டும் உயர்ந்திருந்தாலும் இது பொருந்தும். 160/110 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது கடுமையான நிலை. உடனடி மருத்துவம் தேவை.

1. நாட்பட்ட உயர் இரத்த அழுத்தம்: கருத்தரிப்பதற்கு முன்பே இருப்பது, அல்லது 20 வாரத்திற்கு முன்பே கண்டறியப்படுவது.
2. கருப்பகால உயர் இரத்த அழுத்தம்: 20 வாரத்திற்குப் பின் முதன்முறையாக அழுத்தம் உயர்வது. சிறுநீரில் புரதமோ உறுப்புப் பாதிப்போ இருக்காது. ஆயினும் இவர்களுள் ஒரு பகுதியினருக்குப் பின்னர் முன்சூல்வலிப்பு உருவாகக்கூடும்.
3. முன்சூல்வலிப்பு: உயர் இரத்த அழுத்தத்துடன் 24 மணி நேரச் சிறுநீரில் 300 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் புரதம் இருப்பது. புரதம் இல்லாவிட்டாலும் தட்டணுக்கள் குறைதல், கல்லீரல் நொதிகள் உயர்தல், சிறுநீரகச் செயல் குறைதல், நுரையீரலில் நீர் கோத்தல், கடும் தலைவலி, பார்வைக் கோளாறு ஆகியவற்றில் ஒன்று இருந்தால் போதும்.
4. நாட்பட்ட அழுத்தத்தின் மீது வரும் முன்சூல்வலிப்பு: முதல் வகையினருக்குப் பிற்காலத்தில் மூன்றாம் வகையின் குறிகளும் சேர்ந்து வருவது.

முன்சூல்வலிப்பு முற்றினால் வலிப்பு வரலாம். அதுவே சூல்வலிப்பு. இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, கல்லீரல் நொதிகள் உயர்ந்து, தட்டணுக்கள் குறையும் மற்றொரு கடுமையான நிலைக்கு 'எல்ப்' நோய்க்குறித்தொகை என்று பெயர். இதற்கு 1982இல் அப்பெயரைச் சூட்டியவர் அமெரிக்க மருத்துவர் லூயி வைன்சுடைன்.

ஆக்சிசனேற்ற அழுத்தம் என்றால் என்ன?

இங்கு 'அழுத்தம்' என்ற சொல்லை இரத்த அழுத்தத்துடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. இரத்த அழுத்தம் என்பது குழாயின் சுவரை இரத்தம் தள்ளும் விசை, கருவியால் அளக்கத்தக்கது. ஆக்சிசனேற்ற அழுத்தம் என்பதோ உயிரணுக்களுக்கு ஏற்படும் ஒரு வேதியியல் நெருக்கடி.

உயிரணுக்கள் உணவிலிருந்து ஆற்றலைப் பெற ஆக்சிசனைப் பயன்படுத்துகின்றன. இவ்வேலை மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகளில் நடக்கிறது. அப்போது ஆக்சிசனின் ஒரு சிறு பகுதி முழுமையாக நீராக மாறாமல், சூப்பர் ஆக்சைடு என்னும் தனி உறுப்பாக நின்றுவிடுகிறது. தனி உறுப்பு என்பது இணையற்ற எலக்ட்ரானைக் கொண்ட துகள். அது அண்மையில் உள்ள கொழுப்பு, புரதம், டி.என்.ஏ. ஆகியவற்றிலிருந்து எலக்ட்ரானைப் பறித்துத் தன் குறையை நிரப்பப் பார்க்கிறது. எலக்ட்ரானை இழந்த மூலக்கூறு பழுதடைகிறது. சூப்பர் ஆக்சைடு, ஐதரசன் பெராக்சைடு, ஐதராக்சில் உறுப்பு ஆகியவை இவ்வகை வினைமிகு ஆக்சிசன் பொருட்கள் ஆகும்.

பல நாள் திறந்து வைத்த எண்ணெயில் காறல் வாடை வருவதை எல்லோரும் அறிவர். எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்கள் காற்றிலுள்ள ஆக்சிசனால் தாக்கப்படுவதே அதற்குக் காரணம். உயிரணுவைச் சூழ்ந்துள்ள சவ்வும் கொழுப்பால் ஆனதுதான். எண்ணெயில் நடப்பது போன்ற வினை அச்சவ்வில் நடந்தால் அதைக் கொழுப்புப் பெராக்சைடாக்கம் என்பர்.

உடலில் இதைத் தடுக்கும் காவல் முறை உண்டு. சூப்பர் ஆக்சைடு டிசுமியூட்டேசு, கேட்டலேசு, குளுட்டாதையோன் பெராக்சிடேசு ஆகிய நொதிகள் இதில் முதன்மையானவை. முதல் நொதி சூப்பர் ஆக்சைடை ஐதரசன் பெராக்சைடாக மாற்றுகிறது. மற்ற இரண்டும் அந்தப் பெராக்சைடிலிருந்து நீரை உண்டாக்குகின்றன. உயிர்ச்சத்து சி, உயிர்ச்சத்து ஈ ஆகியவை தாமே எலக்ட்ரானைக் கொடுத்துத் தனி உறுப்புகளை அடக்குகின்றன. இவை எல்லாம் எதிர் ஆக்சிசனேற்றிகள் எனப்படுகின்றன.

உற்பத்தியும் தடுப்பும் சமநிலையில் இருக்கும்வரை தீங்கு இல்லை. உற்பத்தி பெருகினாலோ, தடுப்பு குறைந்தாலோ சமநிலை குலைகிறது. அந்நிலையே ஆக்சிசனேற்ற அழுத்தம். செருமானிய உயிர்வேதியியலாளர் எல்முட் சீசு 1985இல் இக்கருத்தை வரையறுத்தார்.

வினைமிகு ஆக்சிசன் பொருட்கள் முற்றிலும் தீயவை அல்ல. கிருமிகளைக் கொல்ல வெள்ளையணுக்கள் இவற்றையே ஆயுதமாகப் பயன்படுத்துகின்றன. உயிரணுக்களுக்கு இடையே செய்தி கடத்தவும் இவை சிறிய அளவில் தேவைப்படுகின்றன. இவ்வுண்மை இக்கட்டுரையின் பிற்பகுதிக்கு முக்கியமானது.

சூல்வித்தகமும் சுருள் தமனிகளும்

முன்சூல்வலிப்பின் வேர் சூல்வித்தகத்தில் உள்ளது. பேச்சு வழக்கில் 'நஞ்சு' என்று சொல்லப்படுவது இதுவே. சூல்வித்தகம் இல்லாமல் இந்நோய் இல்லை. முத்துப்பிள்ளை கருப்பம் எனப்படும் நிலையில் கருப்பையில் குழந்தையே வளராமல் சூல்வித்தகத் திசு மட்டும் பெருகியிருக்கலாம். அப்போதும் இந்நோய் வருவதுண்டு. எனவே குழந்தையால் அன்றிச் சூல்வித்தகத்தால் நோய் தோன்றுகிறது என்பது தெளிவாகிறது.

கருப்பைச் சுவரில் சுருள் தமனிகள் என்னும் மெல்லிய குழாய்கள் உள்ளன. சாதாரண காலத்தில் இவை குறுகியவை. தசை நிறைந்த சுவர் உடையவை. தேவைக்கேற்பச் சுருங்கி விரிபவை. கருத்தரித்த பின், டிரோபோபிளாஸ்ட் எனப்படும் சூல்வித்தக உயிரணுக்கள் கருப்பைச் சுவருக்குள் ஊடுருவி, இத்தமனிகளின் தசைச் சுவரை அகற்றி, அவற்றை அகன்ற, தளர்ந்த, சுருங்காத வழிகளாக மாற்றுகின்றன. இதனால் தாயின் இரத்தம் மெதுவாகவும் தடையின்றியும் சூல்வித்தகத்திற்குச் சென்று சேர்கிறது.

முன்சூல்வலிப்பு வரும் பெண்களுள் பலருக்கு இம்மாற்றம் அரைகுறையாக நின்றுவிடுகிறது. இவோ புரோசன்சும் அவருடன் பணியாற்றியவர்களும் 1960களிலும் 1970களிலும் கருப்பைத் திசுக்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து இதனை விளக்கினர்.

தமனி குறுகியே இருந்தால் இரண்டு தீங்குகள் நேர்கின்றன. முதலாவது, வேகம். தோட்டத்தில் நீர் பாய்ச்சும் குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் நீர் பீய்ச்சி அடிக்கும்; அதன் முன் இளஞ்செடி நிற்காது. அதுபோலக் குறுகிய தமனியிலிருந்து பாயும் இரத்தம் சூல்வித்தகத்தின் மென்மையான விரலிகளைச் சேதப்படுத்துகிறது. இரண்டாவது, தடைபட்டுத் தடைபட்டுப் பாய்தல். தசைச் சுவர் அகலாத தமனி இடையிடையே சுருங்குகிறது. அப்போது இரத்தம் குறைகிறது. பின் மீண்டும் பாய்கிறது. இரத்தம் இன்றித் தவித்த திசுவிற்கு ஆக்சிசன் திடீரெனத் திரும்பக் கிடைக்கும்போது தனி உறுப்புகள் பெருமளவில் உண்டாகின்றன. மாரடைப்பு, உறுப்பு மாற்றம் போன்ற நிலைகளிலும் இதே நிகழ்வு அறியப்பட்டுள்ளது. ஆக, சூல்வித்தகத்தைத் தாக்குவது ஆக்சிசன் குறைவு மட்டும் அன்று. குறைவதும் கூடுவதுமாக மாறி மாறி வருவதே பெரிய கேடு.

முதல் மூன்று மாதங்களில் ஆக்சிசன்

தொடக்கத்திலிருந்தே கருவிற்கு மிகுந்த ஆக்சிசன் தேவை என்று நினைப்பது இயல்பு. உண்மை வேறு. முதல் சில வாரங்களில் கரு ஆக்சிசன் குறைந்த சூழலிலேயே வளர்கிறது. சுருள் தமனிகளின் வாயை டிரோபோபிளாஸ்ட் உயிரணுக்கள் தக்கை போல அடைத்திருப்பதால், தாயின் இரத்தம் முழுமையாக உள்ளே வருவதில்லை. உறுப்புகள் உருவாகும் அந்த நாட்களில் தனி உறுப்புகளின் தாக்குதலிலிருந்து கருவைக் காக்கும் ஏற்பாடாக இது கருதப்படுகிறது.

10 முதல் 12 வாரங்களுக்குள் இத்தக்கைகள் தளர்ந்து இரத்த ஓட்டம் நிலைபெறுகிறது. எரிக் சோனியோ, கிரகாம் பர்ட்டன் ஆகியோர் பங்கேற்று 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், சூல்வித்தகத்தில் ஆக்சிசனின் பகுதி அழுத்தம் 8ஆவது வாரத்தில் 20 மி.மீ. பாதரசத்திற்கும் குறைவாக இருந்து, 12ஆவது வாரத்தில் 50-க்கும் மேல் உயர்வது அளந்து காட்டப்பட்டது. இந்த உயர்வை ஒட்டிச் சூல்வித்தகம் தன் எதிர் ஆக்சிசனேற்ற நொதிகளைப் பெருக்கிக்கொள்கிறது. அதாவது, நலமான கருப்பத்திலும் ஓரளவு ஆக்சிசனேற்ற அழுத்தம் உண்டு. உடல் அதற்கு ஈடுகொடுத்து விடுகிறது. ஈடுகொடுக்க முடியாத அளவுக்கு அது கூடும்போது சிக்கல் எழுகிறது.

தாயின் உடலுக்குச் சேதம் பரவும் விதம்

சூல்வித்தகத்தில் ஏற்பட்ட சேதம் தாயின் இரத்த அழுத்தத்தை ஏன் உயர்த்த வேண்டும்? ஆக்சுபோர்டைச் சேர்ந்த கிறிசு ரெட்மன் முதலியோர் முன்வைத்த இரு கட்டக் கோட்பாடு இதற்கு விடை தருகிறது. முதல் கட்டத்தில் சூல்வித்தகம் நோயுறுகிறது. அப்போது தாயிடம் எந்த அறிகுறியும் இராது. இரண்டாம் கட்டத்தில், நோயுற்ற சூல்வித்தகம் வெளியிடும் பொருட்கள் தாயின் இரத்தத்தில் கலந்து, உடல் முழுவதும் உள்ள இரத்தக்குழாய்களின் உட்படலத்தைத் தாக்குகின்றன.

நலமான உட்படலம் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவை உண்டாக்கி, இரத்தக்குழாய்களைத் தளர்த்தி வைக்கிறது. இவ்வாயுவின் பணியைக் கண்டறிந்ததற்காக ராபர்ட் பர்ச்காட், லூயி இக்னாரோ, பெரிட் முராட் ஆகியோருக்கு 1998இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. சூப்பர் ஆக்சைடு பெருகினால், அது நைட்ரிக் ஆக்சைடுடன் சேர்ந்து பெராக்சிநைட்ரைட்டு என்னும் கேடு தரும் பொருளாகிறது. தளர்த்தும் பொருள் குறைகிறது. சேதப்படுத்தும் பொருள் கூடுகிறது. குழாய்கள் இறுகுகின்றன, இரத்த அழுத்தம் உயர்கிறது. சிறுநீரகத்தின் நுண்ணிய வடிப்பான்கள் பழுதடைவதால் புரதம் கசிகிறது. மூளையின் குழாய்கள் பாதிக்கப்பட்டால் தலைவலி, பார்வை மங்கல், வலிப்பு ஆகியவை வருகின்றன.

2003ஆம் ஆண்டு இந்த விளக்கத்தில் ஒரு பெரும் முன்னேற்றம் ஏற்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்காவின் பாசுடன் நகரில் ஆய்வு செய்துவந்த ஆனந்த் கருமஞ்சியின் குழுவினர், நோயுற்ற சூல்வித்தகம் 'எசு-எப்எல்டி-1' என்னும் புரதத்தை மிகையாக வெளியிடுவதைக் கண்டனர். இரத்தக்குழாய்களின் நலத்தைக் காக்கும் சூல்வித்தக வளர்ச்சிக் காரணியை இப்புரதம் பிடித்துவைத்துச் செயலற்றதாக்குகிறது. எலிகளுக்கு இப்புரதத்தைச் செலுத்தியபோது இரத்த அழுத்தம் உயர்ந்து, சிறுநீரில் புரதமும் வந்தது. இவ்விரு புரதங்களின் விகிதத்தை அளந்து, நோய் கடுமையாகும் வாய்ப்பைக் கணிக்கும் இரத்தச் சோதனைக்கு அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2023இல் ஒப்புதல் அளித்தது.

எல்லா நோயாளிகளுக்கும் நோய் ஒரே வழியில் வருவதில்லை. 34 வாரத்திற்கு முன் தோன்றும் வகையில் சுருள் தமனிகளின் குறை மிகுதி. அதற்குப் பின் தோன்றும் வகையில் உடற்பருமன், நீரிழிவு, நாட்பட்ட இரத்த அழுத்தம் போன்ற தாயின் முந்தைய உடல்நிலைக்குப் பங்கு அதிகம்.

உயிர்ச்சத்து மாத்திரைகள்: ஒரு கருதுகோளின் சோதனை

தனி உறுப்புகள் தீங்கு செய்கின்றன. எதிர் ஆக்சிசனேற்றிகள் அவற்றை அடக்குகின்றன. அப்படியானால் உயிர்ச்சத்து சி, ஈ மாத்திரைகளைக் கொடுத்தால் நோயைத் தடுக்கலாமே என்ற எண்ணம் எழுந்தது. மாத்திரைகள் விலை குறைந்தவை, எங்கும் கிடைப்பவை. பலித்திருந்தால் ஏழை நாடுகளுக்குப் பெரும் பயன் கிடைத்திருக்கும்.

1999இல் இலண்டனில் 283 பெண்களிடம் செய்யப்பட்ட ஆய்வு நம்பிக்கை அளித்தது. நோய் வரும் வாய்ப்பு அதிகமுள்ள இவர்களுள் ஒரு பாதியினருக்கு நாளொன்றுக்கு உயிர்ச்சத்து சி 1000 மில்லிகிராமும் உயிர்ச்சத்து ஈ 400 அலகும் கொடுக்கப்பட்டன. மறுபாதியினருக்கு மருந்துப்போலி கொடுக்கப்பட்டது. முன்சூல்வலிப்பு மருந்துப்போலிக் குழுவில் 17 விழுக்காடாகவும், உயிர்ச்சத்துக் குழுவில் 8 விழுக்காடாகவும் இருந்தது.

சிறிய ஆய்வின் முடிவு தற்செயலாகவும் இருக்கலாம் என்பதால் பெரிய ஆய்வுகள் தொடர்ந்தன.

* 2006, பிரித்தானியா: 2,410 பெண்கள். நோய் உயிர்ச்சத்துக் குழுவில் 15 விழுக்காடு, மருந்துப்போலிக் குழுவில் 16 விழுக்காடு. எடை குறைந்த குழந்தைகள் உயிர்ச்சத்துக் குழுவிலேயே அதிகம் பிறந்தன (28-க்கு 24 விழுக்காடு).
* 2006, ஆத்திரேலியா: முதல் பேறு காணும் 1,877 பெண்கள். பயன் இல்லை.
* 2009, உலக சுகாதார அமைப்பு: இந்தியா, பெரு, தென்னாப்பிரிக்கா, வியட்நாம் ஆகிய நாடுகளில் 1,365 பெண்கள். பயன் இல்லை.
* 2010, அமெரிக்கா: முதல் பேறு காணும் 10,154 பெண்கள். மாத்திரை 9 முதல் 16 வாரங்களுக்குள் தொடங்கப்பட்டது. நோய் உயிர்ச்சத்துக் குழுவில் 7.2 விழுக்காடு, மருந்துப்போலிக் குழுவில் 6.7 விழுக்காடு.

இவற்றின் அடிப்படையில், முன்சூல்வலிப்பைத் தடுப்பதற்காக உயிர்ச்சத்து சி, ஈ மாத்திரைகளைத் தனியாகவோ சேர்த்தோ கொடுக்க வேண்டாம் என 2011இல் உலக சுகாதார அமைப்பு பரிந்துரைத்தது.

பலிக்காததற்குக் கூறப்படும் காரணங்கள்

சுருள் தமனிகளின் மாற்றம் கருப்பத்தின் மிகத் தொடக்கத்திலேயே ஆரம்பமாகிறது. மாத்திரை தொடங்கும்போது முதல் கட்டச் சேதம் நிகழ்ந்து முடிந்திருக்கலாம் என்பது ஒரு காரணம். வாயால் உட்கொள்ளும் உயிர்ச்சத்து, தனி உறுப்புகள் உண்டாகும் இடத்திற்குத் தேவையான அளவில் சென்று சேராதிருக்கலாம் என்பது இன்னொன்று. வினைமிகு ஆக்சிசன் பொருட்கள் செய்தி கடத்தவும் தேவைப்படுவதால், அவற்றை ஒட்டுமொத்தமாக அடக்குவது நன்மை தராது என்பது மூன்றாவது. ஆக்சிசனேற்ற அழுத்தம் நோயின் காரணமாக மட்டும் இல்லாமல், அதன் விளைவாகவும் இருக்கலாம் என்பது நான்காவது.

நோயாளியிடம் ஒரு பொருள் கூடியோ குறைந்தோ காணப்படுவதாலேயே, அதைச் சரிசெய்தால் நோய் தீரும் என்று முடிவு கட்ட முடியாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. காய், கனி, கீரை உண்பது கருவுற்ற பெண்ணுக்கு நல்லதே. அந்த உணவை உண்பதும், மிகை அளவு மாத்திரையை விழுங்குவதும் ஒன்றல்ல.

பயன் உறுதிப்பட்ட தடுப்பு முறைகள்

குறைந்த அளவு ஆசுப்பிரின்: நோய் வரும் வாய்ப்பு அதிகமுள்ள பெண்களுக்கு இது பயன் தருகிறது. 2017இல் வெளியான, 1,776 பெண்கள் பங்கேற்ற ஐரோப்பிய ஆய்வில், 11 முதல் 14 வாரங்களுக்குள் தொடங்கி 36ஆவது வாரம் வரை இரவில் 150 மில்லிகிராம் கொடுத்தபோது, 37 வாரத்திற்கு முன் பிரசவம் தேவைப்படும் முன்சூல்வலிப்பு 4.3 விழுக்காட்டிலிருந்து 1.6 விழுக்காடாகக் குறைந்தது. உலக சுகாதார அமைப்பு 75 மில்லிகிராமைப் பரிந்துரைக்கிறது. யாருக்குத் தேவை, எவ்வளவு தேவை என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

கால்சியம்: உணவில் கால்சியம் குறைவாக உள்ள பகுதிகளில், கருவுற்ற பெண்களுக்கு நாளொன்றுக்கு 1.5 முதல் 2 கிராம் கால்சியம் கொடுக்க உலக சுகாதார அமைப்பு பரிந்துரைத்துள்ளது.

நோய் வரும் வாய்ப்பு அதிகமுள்ளோர்: முதல் கருப்பம் உடையோர், முந்தைய கருப்பத்தில் இந்நோய் வந்தோர், இரட்டைக் குழந்தைகளைச் சுமப்போர், நீரிழிவு, சிறுநீரக நோய், நாட்பட்ட இரத்த அழுத்தம் அல்லது லூப்பசு உடையோர், உடற்பருமன் மிக்கோர், வயது 35-ஐக் கடந்தோர், தாய்க்கோ உடன்பிறந்த சகோதரிக்கோ இந்நோய் இருந்தோர்.

அறிகுறிகள்

நோயின் தொடக்கத்தில் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இராது. எனவே ஒவ்வொரு முறையும் இரத்த அழுத்தத்தையும் சிறுநீரையும் சோதிப்பது இன்றியமையாதது. கீழ்க்கண்டவற்றில் ஒன்று தோன்றினாலும், அடுத்த சோதனை நாள்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

* விடாத கடும் தலைவலி
* கண் மங்குதல், கண் முன் பூச்சி பறப்பது போலவோ ஒளி மின்னுவது போலவோ தோன்றுதல்
* மேல் வயிற்றில், குறிப்பாக வலப்புற விலாவின் கீழ், வலி
* முகமும் கைகளும் திடீரென வீங்குதல்
* மூச்சுத் திணறல்
* சிறுநீர் குறைதல்
* குழந்தையின் அசைவு குறைதல்

இரத்த அழுத்தத்தை அளக்கும் முன் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும். பாதங்கள் தரையில் படிந்தும், கை இதய மட்டத்திலும் இருக்க வேண்டும். கையின் பருமனுக்கேற்ற பட்டையைக் கட்ட வேண்டும். பருத்த கையில் சிறிய பட்டையைக் கட்டினால் அளவு தவறாக உயர்ந்து காட்டும்.

தமிழ்க் குடும்பங்களில் பலவற்றில் ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பு நடத்திப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்வது வழக்கம். முன்சூல்வலிப்பு பெரும்பாலும் தலைகாட்டும் காலமும் அதுவே. ஊர் மாறும்போது மருத்துவமனையும் மாறுகிறது. சீர்வரிசையுடன், அதுவரையிலான இரத்த அழுத்த அளவுகள் எழுதப்பட்ட பேறுகாலப் பதிவட்டையும் மறவாமல் உடன் செல்ல வேண்டும். போய்ச் சேர்ந்த சில நாட்களுக்குள் அங்குள்ள மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பதிவு செய்துகொள்வது நல்லது.

சிகிச்சை

இந்நோய்க்கு முழுத் தீர்வு குழந்தையும் சூல்வித்தகமும் வெளிவருவதே. 37 வாரம் நிறைந்திருந்தால் பிரசவத்தை நடத்திவிடுவது வழக்கம். அதற்கு முன் என்றால், தாயின் நிலையையும் குழந்தையின் முதிர்ச்சியையும் எடைபோட்டு மருத்துவர்கள் முடிவெடுப்பர்.

இரத்த அழுத்தத்தைக் குறைக்க லேபெட்டலால், நிபெடிப்பின், மெத்தில்டோபா ஆகிய மருந்துகள் பயன்படுகின்றன. எனாலபிரில், லோசார்ட்டன் போன்ற மருந்துகள் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் கருப்ப காலத்தில் தவிர்க்கப்படுகின்றன. ஏற்கனவே இவற்றை உட்கொண்டு வரும் பெண்கள் கருத்தரிக்கத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வலிப்பைத் தடுக்கவும் நிறுத்தவும் சிறந்த மருந்து மெக்னீசியம் சல்பேட்டு. 33 நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பட்டு 2002இல் வெளியான 'மேக்பை' ஆய்வு, இம்மருந்து சூல்வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கும் மேலாகக் குறைக்கிறது என்று காட்டியது. இது விலை குறைந்த மருந்து.

பிரசவத்திற்குப் பின்

குழந்தை பிறந்தவுடன் ஆபத்து முற்றிலும் நீங்கிவிடுவதில்லை. பிரசவத்திற்குப் பின் முதல் சில நாட்களில் இரத்த அழுத்தம் மீண்டும் உயரலாம். முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரும் வாய்ப்பு மிகுதி. சிலருக்கு ஆறு வாரம் வரையிலும் இந்நோய் தோன்றுவதுண்டு. எனவே பச்சை உடம்புக்காரிக்குத் தலைவலி வந்தால் தூக்கக் குறைவு என்று விட்டுவிடாமல் இரத்த அழுத்தத்தைப் பார்க்க வேண்டும்.

முன்சூல்வலிப்பு வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய், பக்கவாதம் ஆகியவை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு என ஆய்வுகள் கூறுகின்றன. ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைச் சோதிப்பதும், பிற்காலத்தில் எந்த மருத்துவரைப் பார்த்தாலும் பேறுகாலத்தில் இந்நோய் இருந்ததைச் சொல்வதும் இவர்களுக்கு நன்மை தரும்.

பரவலாக உள்ள தவறான கருத்துகள்

* 'பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீங்குவது இயல்புதான்.' கால் வீக்கம் நலமான கருப்பத்திலும் வருவதுண்டு. அதை மட்டும் வைத்து நோயை முடிவு செய்வதில்லை. ஆனால் வீக்கம் நோயால் வந்ததா இல்லையா என்பதைப் பார்வையால் அறிய இயலாது. இரத்த அழுத்தத்தை அளந்தால்தான் தெரியும்.
* 'உப்பை அறவே நிறுத்தினால் நோய் வராது.' இந்நோயைத் தடுப்பதற்காக உப்பைக் கட்டுப்படுத்துவதை உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கவில்லை.
* 'தண்ணீரைக் குறைத்தால் நீர் வற்றும்.' இது தவறு. நீர்க்கோவைக்கான மாத்திரைகளாலும் இந்நோயைத் தடுக்க முடியாது.
* 'வலிப்பு வந்தால் அது காற்று, கருப்பு.' கருவுற்ற பெண்ணுக்கோ அண்மையில் பிள்ளை பெற்றவளுக்கோ வலிப்பு வந்தால் அது சூல்வலிப்பாக இருக்கலாம் என்றே முதலில் கொள்ள வேண்டும். அவளை இடப்புறமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், இந்தியாவில் 108 அவசர ஊர்தியை உடனே அழைக்க வேண்டும்.
* 'உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, சோதனை எதற்கு?' முதல் கட்டத்தில் தாய்க்கு எதுவும் தெரியாது. கருப்ப காலத்தில் குறைந்தது எட்டு முறை சோதனைக்குச் செல்ல வேண்டும் என்பது 2016 முதல் உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை.

ஆக்சிசனேற்ற அழுத்தத்தைக் குறிவைத்து நோயைத் தடுக்கும் புதிய வழிகள் இன்றும் ஆராயப்பட்டு வருகின்றன. மைட்டோகாண்ட்ரியாவிற்குள்ளேயே சென்று செயல்படும் எதிர் ஆக்சிசனேற்றிகள் அவற்றுள் ஒன்று. அவை பயன்பாட்டுக்கு வரும்வரை, உரிய காலத்தில் இரத்த அழுத்தத்தை அளத்தல், தேவையுள்ளோருக்கு ஆசுப்பிரினும் கால்சியமும் அளித்தல், வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட்டு கொடுத்தல், தக்க நேரத்தில் பிரசவம் நடத்துதல் ஆகியவையே தாயையும் சேயையும் காக்கும் வழிகளாக உள்ளன.